"போச்சோர்னோ" என்ற சொல்லை நீங்கள் எங்கே எதிர்கொண்டீர்கள்?

முதல் பகிர்வு: ஸ்பெயினின் சரகோசா நகரில் படித்தவர்

இந்த ஸ்பானியச் சொல்லை நான் முதலில் அறிந்தது கால்பந்துச் செய்திகளில்தான். பெரிய அணி ஒன்று எளிய அணியிடம் தோற்றுவிட்டால், "தெர்ரோத்தா போச்சோர்னோசா", அதாவது வெட்கக்கேடான தோல்வி என்று நாளேடுகள் எழுதும். ஆகவே சரகோசாவில் வாடகை அறையில் தங்கியிருந்த முதல் ஜூலை மாதத்தில், வீட்டுக்கார அம்மையார் காலையில் சன்னல்களை அடைத்துக்கொண்டே "ஓய் ஆத்தே போச்சோர்னோ", அதாவது இன்று போச்சோர்னோவாக இருக்கிறது என்று சொன்னபோது, வீட்டில் ஏதோ அவமானம் நேர்ந்துவிட்டது என்றும், அதற்கு நானே காரணமோ என்றும் எண்ணி வாயடைத்து நின்றேன். அவர் என்னைப் பால்கனிக்கு அழைத்துச் சென்று தென்கிழக்கே கைகாட்டினார். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே ஏறிவரும் வெக்கைக் காற்றுக்கு அவ்வூரில் அதுவே பெயர். அதற்கு எதிர்த்திசையில், வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று "தியெர்த்தோ". குளிர்காலத்தில் எலும்பைத் துளைக்கும் அந்தக் காற்றைக் கடிந்துகொண்ட அதே அம்மையார், அன்று அது எப்போது திரும்பும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

பின்னர் ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியைப் புரட்டினேன். கோடையில் எழும் சூடான காற்று, மூச்சை முட்டும் வெப்பம், முகத்தில் சற்றே ஏறித் தணியும் சிவப்பு, அவமானத்தால் வரும் தவிப்பு என்று வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு படியாக இச்சொல் நகர்ந்து வந்திருக்கிறது. இதன் மூலம், தென்கிழக்குக் காற்றைக் குறிக்கும் "வுல்துர்னுஸ்" என்ற இலத்தீன் சொல். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னே போர்க்களத்தில் உரோமப் படையினரின் முகத்தில் புழுதியை வாரி இறைத்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருப்பது இந்தப் பெயர்கொண்ட காற்றைத்தான்.

எனக்கு உதவிய ஓர் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். வானிலையைச் சொல்லும்போது, "செய்கிறது" என்று நேர்ப்பொருள்படும் "ஆத்தே" என்ற வினை வரும். அவமானத்தைச் சொல்லும்போது, ஒருவருக்கு அது "கொடுத்தது" என்றோ, ஒருவர் அதைக் "கடந்து வந்தார்" என்றோ வினை மாறிவிடும்.

இரண்டாம் பகிர்வு: மெக்சிகோவில் பணிபுரிந்தவர்

நண்பர் குறிப்பிடாத இன்னொரு பொருளும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஐம்பதை எட்டிய தோழி ஒருவர், குளிரூட்டிய அறையிலேயே கோப்பால் விசிறிக்கொண்டு, தமக்குப் "போச்சோர்னோஸ்" வருகிறது என்றார். யாரோ அவரைப் புண்படுத்திவிட்டார்கள் என்று நினைத்து நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடலில் திடீரென்று பரவும் வெப்பத்தை மெக்சிகோவில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்பெயினில் இதற்குச் "சொஃபோக்கோஸ்" என்ற சொல்லே மிகுதியாக வழங்குகிறது. அதைக் கூச்சமின்றி அலுவலகத்தில் அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாம் பகிர்வு: மொழிபெயர்ப்பாளர்

இச்சொல்லைத் தமிழில் "புழுக்கம்" என்று பெயர்த்துவிடலாம் என்றே நானும் நெடுநாள் நம்பினேன். வானிலையைப் பொறுத்தவரை அது மிகச் சரியான சொல். நம்மிடமும் அது மனத்துக்குள் நுழைந்து "மனப்புழுக்கம்" ஆகியிருக்கிறது. ஆனால், மகன் குடித்துவிட்டு வந்து திருமண விருந்தைக் கெடுத்த கதையொன்றில் தாய் "கே போச்சோர்னோ!" என்று கூவும் இடத்தைப் பெயர்க்கும்போதுதான் தடுமாறினேன். நம் புழுக்கம் வெளியே சொல்ல முடியாமல் நாட்கணக்கில் உள்ளேயே வேகும். அந்தத் தாயின் போச்சோர்னோவோ, ஊரார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் ஏறிவிட்டது. அவ்விடத்தில் "ஐயோ, என்ன தலைகுனிவு!" என்று எழுதினேன். பொருள் வந்துவிட்டது, கன்னத்தில் ஏறிய சூடு வரவில்லை. அந்தச் சூட்டையும் தாங்கும் தமிழ்ச்சொல் யாருக்கேனும் வாய்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். அந்தப் பக்கத்தை நான் இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை.