இ-2 விசாவில் போனால் பிறகு கிரீன் கார்டு ஆகுமா? ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

தூரதேசி:
வணக்கம். கூட்டுத் தொழிலில் இருந்த என் பங்கை விற்றுவிட்டேன். அந்தப் பணத்தை வைத்து குடும்பத்தோடு அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க வழி தேடுகிறேன். பையனுக்கு 18 முடியப்போகிறது.

ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் குடியுரிமையை முதலீட்டில் வாங்கிக்கொண்டு, அந்த பாஸ்போர்ட்டில், அமெரிக்காவில் தொழிலில் முதலீடு செய்பவர்களுக்கான இ-2 விசா எடுத்துப் போய்த் தொழில் தொடங்குங்கள், சில வருஷத்தில் அதுவே கிரீன் கார்டாக மாறிவிடும் என்கிறார்கள். முதலீடு செய்து கிரீன் கார்டு வாங்கும் இபி-5 பற்றிக் கேட்டால் "அது 8 லட்சம் டாலர் சார், உங்களுக்கு எதுக்கு?" என்று பேச்சை மாற்றுகிறார்கள். முன்பணம் கேட்டுத் தினமும் போன். இ-2 உண்மையிலேயே மாறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டு:
மாறாது சார். முன்பணம் கட்டாதீங்க. இப்ப உங்க கையில இருக்கறது எந்த நாட்டு பாஸ்போர்ட்? இ-2 எல்லாருக்கும் கிடையாது, அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரங்களுக்குத்தான். இலங்கை, சிங்கப்பூருக்கு உண்டு. இந்தியா, மலேசியாவுக்கு இல்லை.

தூரதேசி:
இந்தியா. அதனால்தான் கிரெனடா என்கிறார்கள்.

கல்வெட்டு:
அந்தக் குறுக்குவழிக்கு 2022 டிசம்பர்லயே பூட்டுப் போட்டாச்சு. முதலீட்டுல குடியுரிமை வாங்கினவங்க, அந்த நாட்டுல தொடர்ந்து குறைஞ்சது 3 வருஷம் வசிச்சிருந்தாத்தான் இ-2 கேட்கலாம். பாஸ்போர்ட் மட்டும் வாங்கி அலமாரில வச்சா ஆகாது. உங்க கன்சல்டன்சி இதைச் சொன்னாங்களா?

அப்படியே இ-2 கிடைச்சாலும் அது குடியேறாதவங்களுக்கான விசா. தொழில் ஓடற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் நீட்டிக்கலாம், ஆனா எத்தனை வருஷம் இருந்தாலும் தானா கிரீன் கார்டு வராது. அதுக்குத் தனியா ஒரு வழியில விண்ணப்பிக்கணும். பையனுக்கு 21 ஆனதும் உங்க விசாவோட நிழல்ல இருக்க முடியாது, அவனுக்குன்னு வேற விசா தேடணும். உங்க வீட்டுல அதுக்கு அதிக நாள் இல்லை.

பழைய பேரேடு:
கல்வெட்டு சொன்னது சரி. முதலீட்டு வழியில் நேராக நிரந்தரக் குடியிருப்பில் போய் முடிவது இபி-5 தான். கணக்கு வழக்கு வேலையில் இந்தக் கோப்புகளைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் வந்த சட்டப்படி முதலீடு 10,50,000 டாலர். கிராமப்புறம், வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமுள்ள பகுதி, அரசு உள்கட்டமைப்புத் திட்டம் என்றால் 8,00,000. ஒவ்வொரு முதலீட்டாளரின் பணத்துக்கும் 10 முழுநேர வேலைகள் உருவாக வேண்டும். நீங்களே தொழில் தொடங்கினால் அந்தப் பத்துப் பேரையும் நீங்களே சம்பளப் பட்டியலில் காட்ட வேண்டும்; உங்கள் மனைவி, பிள்ளைகள் கணக்கில் சேர மாட்டார்கள். ரீஜினல் சென்டர் (பல முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டித் திட்டங்களில் போட அரசு அங்கீகரித்த அமைப்பு) வழியாகப் போட்டால் மறைமுக வேலைகளையும் எண்ணிக்கொள்ளலாம் என்பதால் பெரும்பாலானோர் அதையே எடுக்கிறார்கள்.

முதலில் கிடைப்பது 2 வருஷ நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-829 என்ற நிபந்தனை நீக்க மனுவைப் போட்டு, பணம் முதலீட்டிலேயே இருந்தது, வேலைகள் உருவாயின என்று நிரூபித்தால்தான் நிபந்தனை நீங்கும். விற்கிறவர்கள் முதல் படியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள், இதைக் கேட்டால் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

ஆனால் மனு சிக்குவது பெரும்பாலும் பணம் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான். உங்களுடையது பங்கு விற்ற பணம். விற்பனை ஒப்பந்தம், வாங்கியவர் செலுத்தியதற்கான வங்கி அறிக்கை, அதற்குக் கட்டிய வரி, அந்தப் பங்கை ஆரம்பத்தில் எந்தப் பணத்தில் வாங்கினீர்கள் என்பது வரை போவார்கள். 7 வருஷ வரிக்கணக்கு வேண்டும். நடுவில் அண்ணன் கணக்குக்குப் போய்த் திரும்பி வந்திருந்தால் அதற்கும் காகிதம் கேட்பார்கள். ரீஜினல் சென்டருக்குக் கட்டும் நிர்வாகக் கட்டணத்துக்கும் இதே விதிதான், பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

நாடோடி மன்னிக்கவும்:
பையன் வயசு பத்தி ஒண்ணு. இபி-5 மனு நிலுவையில இருக்கற காலத்தை, 21 ஆச்சான்னு பார்க்கறப்ப, அவன் வயசுல கழிச்சுக்குவாங்க. ஆனா மனு ஒப்புதல் ஆன பிறகு விசா எண்ணுக்குக் காத்திருந்தா அந்தக் காலம் கழியாது, வயசு ஏறிக்கிட்டே போகும். பிறந்த நாட்டை வச்சுத்தான் வரிசை, அதனால கிரெனடா பாஸ்போர்ட் இங்கயும் உதவாது. கிராமப்புறத் திட்டங்களுக்கு 20 சதவீத விசா தனியா ஒதுக்கியிருக்காங்க, பரிசீலனையிலயும் முன்னுரிமை உண்டு. வரிசை எதுவரை நகர்ந்திருக்குன்னு சொல்ற விசா புல்லட்டினை மாசாமாசம் பார்த்துட்டே இருங்க.

கடற்காகம்:
அமெரிக்காதான் வேண்டுமா? பிரிட்டனில் இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவுக்கு 3 வருஷத்திலேயே நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். குறைந்தபட்ச முதலீடு என்று தொகை எதுவும் இல்லை. ஆனால் தொழில் யோசனை புதுமையானது, வளரக்கூடியது என்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு சான்று தரவேண்டும், இடையிலும் சந்தித்து விசாரிப்பார்கள். தொழிலை நீங்களே நின்று நடத்த வேண்டும். பணத்தைப் போட்டுவிட்டு ஓய்வெடுக்க நினைப்பவர்களுக்கு அது ஆகாது. பணத்தை மட்டும் வைத்து வந்த 20 லட்சம் பவுண்டு விசாவை அவர்கள் 2022 பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 188 முதலீட்டு விசாவும் 2024-ல் போயிற்று, ஸ்பெயினுடையது 2025 ஏப்ரலில். பழைய விளம்பரங்கள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

தூரதேசி:
எல்லோருக்கும் நன்றி. இனி புதிதாக ஒன்றைத் தொடங்கி நடத்தத் தெம்பில்லை, அதனால் பிரிட்டன் வேண்டாம். இன்னொரு இடத்தில் இபி-5 திட்டம் ஒன்றைக் காட்டினார்கள். "5 வருஷம் கழித்து முழுத்தொகையையும் திருப்பித் தருவதாக உத்தரவாதம்" என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் பாதுகாப்புதானே?

பழைய பேரேடு:
அந்த வரிதான் ஆபத்து. முதலீடு நஷ்டமாகவும் வாய்ப்புள்ளதாக இருக்க வேண்டும் என்பது இபி-5 விதி. திருப்பித் தரக் கட்டாயப்படுத்தும் உரிமை உங்களுக்கு இருந்தால் அது முதலீடு அல்ல, கடன் என்று மனுவையே தள்ளிவிடுவார்கள். 1998-ல் வந்த இசுமி வழக்கு முடிவிலிருந்து இதே நிலைதான். திட்டம் லாபத்தில் முடிந்தால் அவர்களாகத் திருப்பித் தருவது வேறு; அது உத்தரவாதமாக இருக்கக்கூடாது.

கல்வெட்டு:
ரீஜினல் சென்டர் திட்டத்துக்கு ஐ-956எஃப் (திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கற மனு) தாக்கல் பண்ணின ரசீதைக் கேளுங்க. அது இல்லாம முதலீட்டாளரா நீங்க போடற ஐ-526இ மனுவைப் போடவே முடியாது. வக்கீலை நீங்களே தேடிக்கோங்க, திட்டக்காரங்க கை காட்டற ஆளு வேண்டாம்.

தூரதேசி:
ரசீது கேட்டேன். முன்பணம் கட்டிய பிறகுதான் காட்டுவார்களாம். விட்டுவிட்டேன். பங்கு விற்ற ஒப்பந்தமும் வரிக்கணக்கும் ஆடிட்டரிடம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதைக் கையில் வைத்துக்கொண்டே வக்கீலைப் பார்க்கிறேன்.