ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்: கூட்டத்தைக் குறைக்குதா, தள்ளி வைக்குதா?

சமவெளிக்காரன்
புதிதாகப் படிப்பவர்களுக்காக நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. முதல் வருஷம் உச்சவரம்பு இல்லை, கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. 2025 மார்ச்சில்தான் எண்ணிக்கை போட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய. அரசு பஸ், ரயில், உள்ளூர் வண்டி, விளைபொருள் ஏற்றும் வண்டி இவற்றுக்கு விலக்கு.

இரண்டு பேர் போகும் காரும் ஒரு பாஸ், ஐம்பது பேர் போகும் சுற்றுலா பஸ்ஸும் ஒரு பாஸ். இது என்ன கணக்கு? கூட்டத்தை எண்ணுகிறீர்களா, டயரை எண்ணுகிறீர்களா?

லவ்டேல்
டயரைத்தான் எண்ணணும் சார். மலையில் முதலில் அடைபடுவது ரோடுதான். தாவரவியல் பூங்காவில் இன்னும் ஆயிரம் பேர் நடந்தால் புல்தரை கொஞ்சம் நசுங்கும், அவ்வளவுதான். ஊட்டி நடுவில் சேரிங்கிராஸ் சந்திப்பில் இன்னும் நூறு கார் நின்றால் குன்னூர் பக்கமிருந்து வரும் 108 அங்கேயே நிற்கும். சீசனில் நாளைக்கு 20,000 வண்டி ஏறுகிறது என்று அரசே கோர்ட்டில் சொன்ன கணக்கு. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு வரிசை போகக்கூடிய மலைப்பாதையில் 20,000! முன்னால் ஒரு லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறினால் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் அதே வேகம்தான்.

சேரிங்கிராஸ் கடை
2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். சும்மா அடைக்கவில்லை. வெளியே சொல்லாத விஷயம் ஒன்று: பாஸ் தீர்ந்துபோன நாளைவிட, “பாஸ் கிடைக்காதாம்” என்ற பேச்சுதான் அதிகம் அடித்தது. செவ்வாய், புதன் 6,000 நிரம்பவே நிரம்பாது. ஆனால் கோவையிலோ ஈரோட்டிலோ இருந்து திடீரென்று கிளம்பி வரும் குடும்பம் அதைச் சரிபார்ப்பதில்லை, ஏற்காடு போய்விடுகிறது. சனிக்கிழமைக் கூட்டத்தைக் குறைக்கப் போட்ட பூட்டு, புதன்கிழமை வியாபாரத்தில் விழுந்தது.

கணக்குப்பிள்ளை
டயரா தலையா என்று அடித்துக்கொள்கிறீர்கள், உத்தரவு எண்ணுவது இரண்டையும் இல்லை. அது வாசலை எண்ணுகிறது. வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

எல்லா வண்டியும் இரண்டு இரவு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழன் 6,000 ஏறுகிறது, வெள்ளி 6,000, சனி 8,000. சனிக்கிழமை பகலில் வியாழன் வந்தவை இறங்குகின்றன, வெள்ளி வந்தவை ஊர் சுற்றுகின்றன, சனியின் 8,000 ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆக ஒரே பகலில் மலைச் சாலையைத் தொடும் வெளியூர் வண்டி 20,000. வியாழன் பாதிதான் நிரம்பியது என்றாலும் 17,000. வரம்பு 8,000 என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறவருக்கு தொட்டபெட்டா சந்திப்பில் ஏன் இரண்டு மணி நேரம் நிற்கிறோம் என்று புரியாது.

இதைச் சரி செய்ய புதுத் தொழில்நுட்பம் வேண்டாம். எத்தனை நாள் தங்கல் என்பதை விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கி, தினமும் காலையில் மலைமேல் இருக்கிற வண்டியைக் கழித்து, மீதியை மட்டும் திறக்கலாம். வெளியேறும்போதும் செக்போஸ்டில் ஸ்கேன் பண்ணணும், அதுதான் நிபந்தனை. உள்ளே வருவதை மட்டும் எண்ணினால் அது பாதிக் கணக்கு.

லவ்டேல்
கணக்கு சரி. ஆனால் இறங்குகிற வழியிலும் நிறுத்தி ஸ்கேன் பண்ணினால் ஞாயிறு மாலை வரிசை பர்லியாறு வரைக்கும் நிற்காதா?

கணக்குப்பிள்ளை
நிறுத்தவே வேண்டாம், நம்பர் பலகையைப் படிக்கும் கேமரா போதும். இப்போது ஏறும் வழியில்தான் நிறுத்தல். ஒரு வண்டிக்கு 30 விநாடி என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 120 வண்டி, நான்கு வரிசை போட்டாலும் 480. பாஸ் எடுக்காமல் வந்து, அங்கேயே நின்று ஓடிபிக்குக் காத்திருக்கும் ஒரு வண்டி ஐந்து நிமிஷம் தின்றால், பின்னால் பத்து வண்டியின் நேரம் போச்சு. அவரை ஓரம் கட்ட தனி இடம் வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் மலையடிவாரக் கல்லாறு செக்போஸ்டில் அதற்கு அகலம் ஏது?

சமவெளிக்காரன்
இதைத்தான் நானும் சொல்கிறேன். பூட்டு போட்டவர் சாவித் துவாரத்தைப் பார்க்கவில்லை. அதைவிட வெனிஸ் மாதிரி காசு வாங்கலாம். 2024-ல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களுக்கு 5 யூரோ வாங்கினார்கள், அடுத்த வருஷம் கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு 10 ஆக்கினார்கள்.

லவ்டேல்
வாங்கினார்கள். கூட்டம் குறையவில்லை என்று அந்த ஊர்க்காரர்களே கத்துகிறார்கள். 5 யூரோ அங்கே ஒரு சாண்ட்விச் விலை. இங்கே நூறு ரூபாய் போட்டால் நான்கு பேர் காரில் வருகிறவருக்கு அது டீச்செலவு. ஆயிரம் போட்டால் பணக்காரருக்கு மட்டும் மலை. இரண்டும் வேண்டாம்.

சேரிங்கிராஸ் கடை
என் யோசனை: ரூம் புக் பண்ணினவருக்கு முதல் உரிமை. ஊருக்குக் காசு தருவது இரண்டு இரவு தங்குகிறவர்தான். காலையில் வந்து, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை பைக்காரா ரோட்டோரம் சாப்பிட்டு, இலையைப் போட்டுவிட்டு இறங்குகிறவரால் யாருக்கு என்ன லாபம்?

லவ்டேல்
அண்ணே, அது நடந்தால் மறுநாளே “ரூம் ரசீது மட்டும் தரப்படும்” என்று ஒரு தொழில் கிளம்பும். உரிமம் இல்லாத காட்டேஜ் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். முதலில் உரிமம் உள்ள அறைப் பட்டியலை இ-பாஸ் தளத்தோடு இணைக்கணும், அறை எண்ணிக்கைக்கு மேல் ரசீது ஏறக்கூடாது. அதற்கு உங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்வார்களா? இன்னொன்று, புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறவரும் இந்த நாட்டு மனுஷன்தான். அவரை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், வராதே என்று சொல்லாதீர்கள்.

பல்சக்கரம்
பஸ் என்று ஒருவர் வாயிலாவது வந்ததே! விலக்குப் பட்டியலில் அரசு பஸ்ஸும் ரயிலும் இருப்பதை யாரும் பயன்படுத்துவதில்லை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். 7:10-க்கு மலைரயில். 46 கிலோமீட்டர், 16 குகை, கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம், ஊட்டி சேர மதியம் ஆகிவிடும். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெட்டிகள் கொஞ்சம்தான், முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், மே மாதத்துக்கு அன்றைக்கே தீரும். வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்தால் நாள்கணக்கில் ரத்து.

மலைரயில் காட்சிக்கு, கூட்டத்துக்கு பஸ்தான். ஒரு பஸ் ஐம்பது பேரை ஏற்றினால் நான்கு பேர் கணக்கில் பன்னிரண்டு கார் ரோட்டில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டு ஏறுங்கள். ரயிலில் உட்கார ஆசையிருந்தால் குன்னூர்–ஊட்டி இடையே ஓடுவதில் ஏறிக்கொள்ளலாம்.

சமவெளிக்காரன்
கைக்குழந்தை, முட்டிவலி உள்ள அம்மா, மூன்று பெட்டி. மேலே போய் இறங்கிய பிறகு தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் எதில் போவது?

பல்சக்கரம்
சீசனில் சுற்றுப் பேருந்து விடுகிறார்கள். அம்மாவுக்கு உள்ளூர் டாக்சி பிடியுங்கள். அந்த ஓட்டுநருக்கு எந்தச் சந்து எப்போது அடைபடும் என்று தெரியும், நிறுத்த இடமும் தெரியும். உங்கள் கார் ரூம் வாசலில் நிற்கும் நேரத்துக்கும் வாடகை கேட்கும் ஊர் அது.

ரெண்டாம் கியர்
காரில்தான் வருவேன் என்கிறவர்களுக்குச் சில விஷயம். வரிசையில் நிற்கும்போது ஏற்றத்தில் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதுதான் சீசனின் முதல் தவறு. பத்து நிமிஷத்தில் கருகல் வாடை வரும், பிறகு கியர் விழுந்தும் வண்டி நகராது. அது நிற்கும் இடம் கொண்டை ஊசி வளைவாக இருந்தால் இரண்டு பக்கமும் முடிந்தது கதை. கால் பிரேக்கை மிதித்து, கைபிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போடுங்கள். முன்வண்டி முழுசாக ஒரு வண்டி நீளம் நகர்ந்த பிறகு எடுங்கள்.

இறக்கத்தில் நேர் எதிர்த் தவறு. நியூட்ரலில் உருட்டுவதும், நான்காம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதும். எந்த கியரில் ஏற முடியுமோ அந்த கியரில் இறங்கணும், பெரும்பாலும் இரண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் கைமுறைக்கு மாற்றி இரண்டில் பூட்டுங்கள். பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். உடனே ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும். மசினகுடி போகும் கல்லட்டி ரோட்டில் 36 வளைவு, சரிவு கடுமை. வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடாததற்குக் காரணம் இதுதான். ஜிபிஎஸ் அதைத்தான் குறுக்குவழி என்று காட்டும், நம்பாதீர்கள். முதுமலை வழியாக கர்நாடகா போகிறவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை ரோடு மூடல்.

சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். அதை மீறிப் போய்த் திருப்பி விடப்பட்டால் ஒரு மணி நேரம் போச்சு.

பெருமாள்மலை
எல்லாரும் ஊட்டியையே பேசுகிறீர்கள். நீலகிரிக்கு கல்லாறு, குஞ்சப்பனை, கூடலூர்ப் பக்கம் என்று பல வாசல். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடும். அதற்குமேல் ஒரே ரோடு. அதிலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி, அதன் எதிரே கடைகள், படம் எடுக்க நடுரோட்டில் நிற்கும் வண்டிகள். ரோட்டின் பாதி அங்கே வாகன நிறுத்தமாகிவிடுகிறது. 6,000 என்று வரம்பு போடுவதைவிட அந்த 200 மீட்டரில் ஒரு வண்டியும் நிற்கவிடாமல் செய்தால் மதிய நெரிசலில் பெரும்பங்கு கரையும் என்பது என் கட்சி. தண்ணீர் பாட்டிலும் கொண்டுவராதீர்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

சமவெளிக்காரன்
அப்போ ஊட்டியும் வேண்டாம், கொடையும் வேண்டாம். கொல்லிமலை, மேகமலை, வால்பாறை என்று பிரித்துவிட்டால் போச்சு.

லவ்டேல்
வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்தாச்சு, பார்க்கலையா? மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஒரே ரோடு, விரல்விட்டு எண்ணும் தங்கும் இடம். ஊட்டியில் குப்பை வண்டியாவது வரும். கூட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே அளவோடு விடுவதுதான் புத்தி.

கணக்குப்பிள்ளை
இதில் நான் லவ்டேல் பக்கம். இடத்தை மாற்றுவதைவிட நாளை மாற்றுவது லேசு. பிப்ரவரி நல்லாயிருக்கும். ஜனவரியில் உறைபனி பார்க்கலாம், கம்பளி மட்டும் போதாது. ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும், ஆனால் கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் அவ்வளவு நனையாது. அக்டோபர், நவம்பரில் அது அப்படியே தலைகீழ்.

சமவெளிக்காரன்
பள்ளி லீவு மே மாதம்தானே சார். பிப்ரவரியில் பிள்ளையை யார் விடுவார்கள்?

ரெண்டாம் கியர்
மே மாதம்தான் என்றால் ஞாயிறு மதியம் ஏறி புதன் காலை இறங்குங்கள். ஞாயிறு காலை 10-க்கு மேல் எல்லோரும் இறங்குமுகம், உங்கள் பக்கம் ரோடு காலி. திங்கள் முதல் ஆளாகப் பூங்கா, செவ்வாய் பைக்காரா. மலர்க் கண்காட்சி வாரம் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது, அப்போது எல்லா நாளும் சனிக்கிழமைதான்.

சேரிங்கிராஸ் கடை
ஞாயிறு ராத்திரி ரூம் வாடகையைப் பேசிக் குறைக்கலாம். கடைக்காரனாக இருந்துகொண்டு நானே சொல்கிறேன்.