மாத்திரையை நிறுத்திய நான்கு மாதங்கள்: ரத்த அழுத்தமும் இல்லற வாழ்வும் (அனுபவப் பகிர்வு)

கரூர்க் கணக்கர்:

எனக்கு வயது 52. கரூரில் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், மைத்துனருக்குத் துணையாகக் கண் சிகிச்சை முகாமுக்குப் போனவன், சும்மா நிற்கும் நேரத்தில் நானும் கையை நீட்டினேன். கருவி 168/104 என்று காட்டியது. தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லாத எனக்கு அதை நம்ப மனம் வரவில்லை. மறு வாரம் பார்த்த மருத்துவர், அட்டினோலாலும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் 132/84க்கு இறங்கியது.

அழுத்தத்தோடு வேறொன்றும் குறைந்திருப்பதை மூன்றாம் மாதத்தில்தான் உணர்ந்தேன். விறைப்பு வரத் தாமதமானது, வந்தாலும் நிலைக்கவில்லை. ஆடிட் வேலை, முதுகுவலி, மகளின் பொதுத் தேர்வு என்று இரவுக்கு ஒரு காரணம் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். என் மனைவிக்கு அந்த நாட்களில் என்னென்ன சந்தேகங்கள் எழுந்தன என்பதை அவர் ஓராண்டு கழித்துத்தான் சொன்னார். மாத்திரைதான் காரணம் என்று நானாகவே முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் அவர் என்பதால், காலையில் ஒன்றைப் பிதுக்கி எடுத்து, வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். கணக்கு எழுதுபவனுக்குப் பொய்க் கணக்கு எழுதவா தெரியாது?

அத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மாதம் ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர் ஒருவரிடம் 4,500 ரூபாய்க்கு லேகியம் வாங்கினேன். முதல் நாளே ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது. கூடவே முகம் சிவந்து, தலை கனத்தது. மூலிகை இவ்வளவு விரைவாக வேலை செய்யுமா என்ற சந்தேகம் அன்றே எனக்கு வந்திருக்க வேண்டும்.

நான்காம் மாதம் அலுவலக மாடிப்படியில் ஏறும்போது படபடப்பு தாங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை அழுத்தம் 182/110. இம்முறை வேறொரு மருத்துவர். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார், போடுகிறேன் என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவன், திரும்பி வந்து, வெளியே காத்திருந்த கூட்டத்துக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. எப்போது தொடங்கியது, விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா, புகை உண்டா, குறட்டை உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது. அட்டினோலால் போன்ற பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்த பழைய மாத்திரைகளும், குளோர்தாலிடோன், தயசைடு போன்ற சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளும் சில ஆண்களுக்கு இந்தக் குறையைத் தரக்கூடும். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், அம்லோடிபின் போன்ற வேறு வகை அழுத்த மாத்திரைகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆகவே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அட்டினோலாலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். நான் படியில் உட்கார்ந்தது, மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் அழுத்தம் ஏறியதன் விளைவாகவும் இருக்கலாம். லேகியத்தைப் பற்றிக் கேட்டபோது, இத்தகைய பொருட்களில் விறைப்புக் குறைக்கான ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் ஆய்வகச் சோதனையில் பிடிபட்டிருக்கிறது என்றார். வீரியம் கூட்டுவதாக விற்கப்படும் கலவைகள் பலவற்றில் அதிமதுரமும் இருக்கும்; தொடர்ந்து தின்றால் அதுவே உடம்பில் உப்பைத் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றுமாம். காசு கொடுத்து வாங்கிய வினை!

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை உலுக்கியது. ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. அடைப்பு எங்கும் சேரும்போது, குறுகிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதனால் மாத்திரையின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது என்று சொல்லி, ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொன்னார். கொழுப்பு கூடியிருந்தது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது.

மாத்திரை மாறி ஆறு வாரத்தில் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு, நாளைக்கு எட்டு சிகரெட் பிடித்தவன் அதை விட வேண்டியிருந்தது. 86 கிலோவிலிருந்து 78க்கு இறங்க வேண்டியிருந்தது. நடையைவிட உப்புதான் கடினம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது; எங்கள் வீட்டில் மோர் மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் தயிர்சாதம் இறங்காது.

கடலோர ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்:

மேலே எழுதியவருக்கு மருத்துவர் அத்தனை கேள்விகள் கேட்டிருக்கிறார். பெண்ணாகிய என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு 36 வயது. முதல் குழந்தைக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். 118 ஆக இருந்த மேல் அளவு ஓராண்டில் 148 ஆயிற்று. அந்த மாத்திரை சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும் என்பதை ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியர் அக்காதான் சொன்னார். காப்பர் டீ வைத்துக்கொண்டேன்; கொஞ்சம் இறங்கியது, ஆனால் முழுமையாக இல்லை. டெல்மிசார்ட்டான் தொடங்கினார்கள்.

அதன் பிறகுதான் வீட்டில் சிக்கல். "பிரஷர் இருக்கிற பிள்ளை, கொஞ்ச நாள் தனியாகப் படுக்கட்டும்" என்று மாமியார் பாயை மாற்றிப் போட்டார்கள். என் கணவருக்கும் உள்ளூர அச்சம். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று. எனக்கு வறட்சியும் வலியும் இருந்தன. அதை அவர் என் விருப்பமின்மையாக எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய ஓராண்டு இப்படியே போயிற்று. கடைசியில் மகப்பேறு மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். உறவின்போது அழுத்தம் கூடுவது உண்மைதான்; ஆனால் அது சிறிது நேரத்துக்குத்தான், முடிந்த சில நிமிடங்களில் இறங்கிவிடும்; மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்குப் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை; 180/110 போன்ற நிலையில் மட்டும் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். வறட்சிக்கு நீர்த்தன்மையுள்ள ஜெல் ஒன்றை எழுதிக் கொடுத்தார், விலை சொற்பம்.

அப்போதுதான் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என் மாத்திரை அட்டையைக் கேட்டார். டெல்மிசார்ட்டான் வகை கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே முயற்சி செய்வதற்கு முன்பே லாபெட்டலாலுக்கு மாற்றினார். அதைச் சொல்லாமல் எழுந்து வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். சின்னவனுக்கு வருகிற ஆவணியில் ஒரு வயது.

ஓய்வு பெற்ற ஓட்டுநர், தஞ்சை:

எனக்கு 67 வயது. பதினைந்து ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு, மூன்று ஆண்டுகளாக நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் வகை மாத்திரை. தம்பிமார்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னோடு பணியாற்றிய நண்பர், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் சில்டெனாஃபில் வாங்கிப் போட்டுக்கொண்டார். இரவில் நெஞ்சு பிடித்தபோது வழக்கம்போலச் சார்பிட்ரேட்டை வைத்தார். அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி, பேச்சு மூச்சில்லாமல் கட்டிலிலிருந்து சரிந்தார். பிழைத்தது ஆயுள் பலம். நைட்ரேட் மருந்து எடுப்பவர் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால், சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. மருத்துவமனைக்கு ஓடி, போட்டதை வெட்கப்படாமல் முதலில் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து. 1998இல்தான் அமெரிக்காவில் இந்தப் பயனுக்காக அனுமதி பெற்றது.

எனக்கு மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண் எங்கள் தெருப்பிள்ளை, என்னைத் தாத்தா என்று கூப்பிடும். அதனிடம் எதைச் சொல்வது? ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே பேருந்து ஏறி மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கரூர்க் கணக்கர்:

ஐயா எழுதியதைப் படித்ததும், நான் தின்ற லேகியத்தை நினைத்து வயிறு கலங்கியது. வீட்டில் அழுத்தம் எப்படிப் பார்க்கிறேன் என்று தனியே கேட்டிருந்த நண்பருக்கு: காபிக்கு முன்பு, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்கிறேன். என் மனைவி எண்ணைப் படித்துச் சொல்ல, நான் நோட்டில் எழுதுகிறேன். இன்று காலை 126/80. அட்டையை எண்ணும் வழக்கத்தை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.