பொருள்: வரைபைச் சாளரத்தில் ‘உட்பொதித்தல்’, ‘மறுவரைவு’ – மாற்றுச் சொற்கள் தேவை

வெள்ளவத்தையிலிருந்து:

அன்புடையீர், மாலை வகுப்பொன்றில் பைதன் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கிறேன். அறை வெப்பநிலையைச் செக்கனுக்கு ஒருமுறை வாசித்து, மெட்பிளொட்லிப் (வரைபு வரையும் பைதன் பொதி) வரைபாகக் கியூட் (சாளரங்கள் அமைக்கும் மென்பொருட் கருவித்தொகுதி) சாளரமொன்றினுள் காட்டுவதே அடுத்த பாடம். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வரைபைச் சாளரத்தினுள் அமைப்பதை ‘உட்பொதித்தல்’ என்று எழுதியிருந்தேன். மாணவி ஒருத்தி மெட்பிளொட்லிப் பொதியை நிறுவிவிட்டு, “உட்பொதித்துவிட்டேன் சேர்” என்றாள். ‘மறுவரைவு செய்க’ என்ற வரியைப் படித்த இன்னொருவர் ஒவ்வொரு செக்கனும் புதிய கோடொன்றைச் சேர்த்தார். ஐந்தாம் செக்கனில் ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து நிறங்களில் ஐந்து கோடுகள் கிடந்தன. இரண்டு சொற்களையும் மாற்ற விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, ‘பதித்தல்’ என்று எழுதுங்கள். செட்டியார் தெருவில் கல் பதிப்பவர் முதலில் பொன்னிலே கல்லுக்கு ஓர் இருக்கை குடைவார். கல்லை அதில் இருத்தியபின் விளிம்பை மடக்குவார். கல் கல்லாகவே இருக்கும், மோதிரம் அதைத் தாங்கும். வரைபும் அவ்வாறே கன்வசில் (வரைபு தீட்டப்படும் பரப்பில்) அமர்கிறது, கன்வசு சாளரத்தில் அமர்கிறது. கண்ணகியின் சிலம்பிலிருந்த மாணிக்கம் பதித்ததன்று, உள்ளே இட்ட பரல். உடைத்த பிறகே வெளியே தெரிந்தது. அதை நினைத்து ‘உள்ளிடுதல்’ என்றும் யோசித்தேன், ஆனால் ‘உள்ளீடு’ ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ‘மறு’ என்பதை விட்டுவிடுங்கள். ‘மதிக்கண் மறுப்போல்’ என்னும் குறளில் (957) அது களங்கம். ‘மறுத்தல்’ என்றால் ஏற்காமை. ‘மீள்வரைதல்’ வினைத்தொகையாக நின்று முக்காலமும் காட்டும்.

தெஹிவளையிலிருந்து:

ஐயா, மறுநாள், மறுபதிப்பு, மறுபிறப்பு என்று நாள்தோறும் சொல்கிறோம். எவரும் அவற்றில் களங்கம் காண்பதில்லை. ‘மீள்’ என்பதுதான் இங்கே பிழையான படத்தைத் தருகிறது. மீள்குடியேற்றம் என்றால் முன்பிருந்த இடத்துக்கே திரும்புதல். நமது வரைபு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, புதிய அளவீட்டோடு முன்னே போகிறது. விரைவுக்காகக் கையாளும் ‘பிளிட்’ முறையில் உண்மையாகவே ஒரு மீட்பு நடக்கிறது: முன்பே படியெடுத்து வைத்த பின்னணியைத் திரையில் மீட்டு, அதன்மேல் மாறிய கோட்டை மட்டும் வரைகிறோம். ‘மீள்’ என்பதை அங்கே செலவிடுவோம். கன்வசுக்கும் தமிழ் தேடவேண்டாம். வடசொல்லையே எழுத்தை மாற்றி ஏற்கத் தொல்காப்பியம் இடம் தந்திருக்கும்போது, இது மட்டும் ஏன் உறுத்தவேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து:

அந்த ஐந்து கோடுகளுக்கு விடை ‘மறு’விலும் இல்லை, ‘மீள்’இலும் இல்லை என்று இப்போது படுகிறது. கோடு அதே கோடு. அதன் தரவை மாற்றுகிறோம், பிறகு கன்வசைத் திரும்ப வரையச் சொல்கிறோம். ஆகவே முதற் செயலைத் ‘தரவு மாற்றல்’ என்று தனியாக எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். இரண்டாவதிலும் இரு வகை உண்டு: ‘டிரோ’ (draw) என்ற கட்டளை உடனே வரையும், ‘டிரோ ஐடில்’ (draw_idle) என்றால் கோரிக்கையை மட்டும் பதிந்துவைத்து, நிகழ்வுச் சுழல் (சொடுக்கு, விசையழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருந்து கையாளும் நிரற்பகுதி) ஓய்வாக இருக்கும்போது வரையும், இடையில் பத்துக் கோரிக்கைகள் வந்தாலும் ஒருமுறை வரைந்தாற் போதும். இதற்கு ‘வரைவுக் கோரிக்கை’ என்று இடுகிறேன். பதித்தலை எவரும் எதிர்க்கவில்லை. ‘மீள்வரைதல்’, ‘மறுவரைவு’ இரண்டில், நேரமின்மை கருதி முன்னதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

தெஹிவளையிலிருந்து:

அச்சுக்குக் கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பிளிட் பாடம் வரும்போது, பின்னணியை மீட்பதற்கு என்ன சொல் வைக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே எழுதிவையுங்கள்.