ஹாலில் லைட் பளீர், சமையலறையில் மங்கல்: எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம்? (அவசரம்)

மடிப்பாக்கம்வாசி: வணக்கம். சாயங்காலத்திலிருந்து ஹால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றுகிறது, பல்பு கண் கூசுகிறது. சமையலறையில் நேர்மாறு: லைட் மங்கல், ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. செட்-டாப் பாக்ஸிலிருந்து கருகல் வாடை வேறு. நல்ல ஸ்டெபிலைசர் எது? 4000 ரூபாய்க்குள். சீக்கிரம் சொல்லுங்கள், அப்பா அம்மா மட்டும்தான் வீட்டில் இருக்கிறார்கள்.

கோவை ராஜா: சிங்கிள் ஃபேஸா (வீட்டுக்கு ஒரே கரண்ட் லைன்), த்ரீ ஃபேஸா (மூன்று லைன்)? பக்கத்து வீட்டிலும் இப்படியா?

மின்விசிறி மன்னன்: ஃபேன் வேகமாகச் சுற்றினால் கெபாசிட்டர்தான். 2.5 மைக்ரோ ஃபாரட் வாங்கி மாட்டுங்கள்.

கோவை ராஜா: கெபாசிட்டர் போனால் ஃபேன் மெதுவாகத்தானே சுற்றும் அண்ணே? பல்புக்கு ஏது கெபாசிட்டர்?

திருச்சி தனபால்: எர்த் குழியில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்? உப்பும் கரியும் போட்டு நாலு குடம் ஊற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சர்க்யூட் சாமி: இந்தக் கேள்விக்கு இங்கே நூறு முறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. ஓம் விதி தெரியாதவர்கள் ஸ்டெபிலைசர் வாங்கி என்ன செய்யப்போகிறார்கள்?

பழைய வயர்மேன்: சாமி, பாடம் அப்புறம் நடத்தலாம். தம்பி, முதலில் அப்பாவுக்கு போன் போட்டு மெயினை அணைக்கச் சொல்லுங்கள். கை ஈரமில்லாமல், காலில் செருப்போடு. மெயினிலேயே கருகல் வாடையோ சத்தமோ இருந்தால் கிட்டே போக வேண்டாம், வெளியே வந்துவிடட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். அப்புறம் த்ரீ ஃபேஸா என்று சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்வாசி: த்ரீ ஃபேஸ்தான். சொல்ல மறந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லையாம். மெயினை அணைத்துவிட்டார்கள்.

பழைய வயர்மேன்: அப்படியென்றால் உங்கள் வீட்டு நியூட்ரல், அதாவது மூன்று ஃபேஸுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பும் வயர், விட்டுப்போயிருக்கிறது. மெயின் போர்டில் நியூட்ரல் வயர்கள் சேரும் லிங்கிலோ, மீட்டர் பக்கமோ, போஸ்டில் சர்வீஸ் வயர் சேரும் இடத்திலோ. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், இன்னொன்றில் 100 வாட் பல்பு மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். நியூட்ரல் அறுந்ததும் இரண்டும் அந்த 400 வோல்ட்டில் தொடராக மாட்டிக்கொள்ளும். பல்புக்கு 360 வோல்ட்டுக்கு மேலே போகும், அயர்ன் பாக்ஸுக்கு 40 கூட வராது. லோடு குறைவான பக்கம்தான் புகையும். உங்கள் ஹால் அந்தப் பக்கம். இதற்கு ஸ்டெபிலைசர் மருந்தில்லை.

கோவை ராஜா: லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழுது மீட்டருக்கு முன்னால் என்றால் மின்வாரியத்தின் புகார் மையம் மின்னகம் 94987 94987. அந்த வயரை நீங்கள் தொடக் கூடாது. அறுந்த நியூட்ரலும் ஷாக் அடிக்கும்.

நெல்லை அல்வா: ராத்திரிக்கு எர்த்தையே நியூட்ரலாகப் போட்டு ஓட்டலாமே? எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

பழைய வயர்மேன்: செய்யாதீர்கள். குழியின் எதிர்ப்பு 10 ஓம், அதில் 5 ஆம்பியர் போகிறது என்றால் 50 வோல்ட். எர்த் வயர் சேர்ந்திருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் அது நிற்கும்.

நெல்லை அல்வா: பத்து வருஷமாக ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திருச்சி தனபால்: அதற்குத்தான் குழியில் உப்பு போடச் சொன்னேன். எதிர்ப்பு குறையும்.

சர்க்யூட் சாமி: ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. இது எட்டாம் வகுப்புப் பாடம்.

கோவை ராஜா: வந்திருக்கும் சாமி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் ஆர்சிசிபி விழும். இங்கே கசிவே இல்லை, வோல்டேஜ்தான் எகிறியிருக்கிறது. அதற்கு ஓவர் வோல்டேஜ் ரிலே தனி. ஆனால் அல்வா அண்ணன் சொல்கிறபடி எர்த்தில் ஓட்டினால் ஆர்சிசிபி உடனே விழும், அப்புறம் அதையும் பைபாஸ் செய்வார்கள்.

சர்க்யூட் சாமி: நான் சொன்னது வேறு. புரிந்துகொள்ள முயலுங்கள்.

நெல்லை அல்வா: எங்கள் வீட்டில் ஆர்சிசிபியே கிடையாது.

கோவை ராஜா: தெரிகிறது.

மடிப்பாக்கம்வாசி: எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டார். நியூட்ரல் லிங்கில் திருகு தளர்ந்து, வயர் முனை கருகி உதிர்கிறது. வெட்டி, புது லிங்க் போட்டுவிட்டார். மூன்று ஃபேஸும் 230 பக்கம் காட்டுகிறது. செட்-டாப் பாக்ஸ் போச்சு. எல்லாருக்கும் நன்றி.

பழைய வயர்மேன்: நல்லது. ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கிறது? மற்ற திருகுகளையும் முடுக்கினாரா?

மின்விசிறி மன்னன்: ஃபேன் கெபாசிட்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புதுவை நண்பன்: இதே மாதிரி எங்கள் வீட்டில் கீசர் போட்டால் குழாயைத் தொடும்போது சுர்ரென்கிறது. எந்த பிராண்டு கீசர் நல்லது?

பழைய வயர்மேன்: கீசரை அணையுங்கள் தம்பி. தனி இழை போட்டு வாருங்கள்.