ஒரு பிள்ளையைக் கூர்ந்து பார்த்தபோது: குமரி மாவட்டப் பள்ளிகளில் ஆய்வு செய்தவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவில் கணக்கு சார்:

நம் மாவட்டப் பள்ளிகளில் தனியாள் ஆய்வு, வகுப்பறை ஆய்வு என்று ஏதாவது செய்தவர்கள் இங்கே எழுதுங்கள். உங்கள் வகுப்பில் வேறு யாராவது வந்து உட்கார்ந்து ஆய்வு செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். பி.எட். ரெக்கார்டுக்காக ஒரு பையனின் வயது, குடும்பம், மதிப்பெண் என்று நாலு பக்கம் நிரப்பிக் கொடுப்பதை நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளை எப்படிக் கற்கிறது, ஓர் ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று மாதக்கணக்கில் பொறுமையாக இருந்து பார்த்த அனுபவம்தான் வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று அந்த எண் சொல்லாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

எம்.எட். ஆய்வுக்காக நான் போனது குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளிக்கு. ஆறாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் தேறவே மாட்டான் என்று எல்லாரும் சொன்ன பையன். 816-ஐ 4-ஆல் வகுக்கச் சொன்னேன். நோட்டில் 24 என்று எழுதினான். எட்டில் நாலு இரண்டு முறை. ஒன்றில் நாலு போகாது, அதனால் அதை விட்டுவிட்டு ஆறையும் கீழே இறக்கி, பதினாறில் நாலு முறை. நடுவில் வரவேண்டிய பூஜ்யத்தைப் போடவில்லை. பகு, பெருக்கு, கழி, இறக்கு என்று வரிசையை மனப்பாடமாக ஒப்பிக்கிறான், விடை மட்டும் தப்பு.

நான் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, "மீன் வித்த காசு, செலவு போக, வள்ளத்துக்கும் வலைக்கும் உள்ள பங்கு போக, மிச்சம் 816 ரூபா. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஆளுக்கு இருநூறு குடுத்தா எண்ணூறு போச்சு. மிச்சம் பதினாறு. ஆளுக்கு நாலு. இருநூத்தி நாலு சாரே." நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்தான். "இது எப்பிடி இருவத்தி நாலு வரும்? எண்ணூறு ரூபா எங்க போச்சு?" என்று அவனே கேட்டான்.

பூஜ்யத்தைப் பற்றி நான் ஒரு பாடமே நடத்தியிருந்தாலும் அந்தக் கேள்வி அவனிடமிருந்து வந்திருக்காது. அப்பாவோடு கரையில் நின்று பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். வகுத்தல் அவனுக்கு நன்றாகவே தெரியும். நாம் நோட்டில் சொல்லிக்கொடுக்கும் வரிசைக்கும் அவன் மனக்கணக்குக்கும் நடுவில் யாரும் பாலம் போடவில்லை, அவ்வளவுதான். அப்புறம் வகுப்பு ஆசிரியரும் நானும் பேசி, வகுத்தலைத் தொடங்கும் முன் "ஏறத்தாழ எவ்வளவு வரும்?" என்று ஒரு வரி எழுத வைத்தோம். அவனுக்கு மட்டும் என்று தொடங்கியது, வகுப்பில் பாதிப் பேருக்கு உதவியது.

இதே விஷயத்தை பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் பார்த்து 1985-ல் வெளியிட்டிருக்கிறார்கள். தெருவில் தேங்காய் போன்றவற்றை விற்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே பேர். உலகம் முழுக்கக் கணக்கு கற்பிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த ஐந்து பேரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

குலசேகரம் டீச்சர்:

சார், உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் ரப்பர். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஆய்வுப் பட்டம் எதற்காகவும் செய்யவில்லை, ஒரு பிள்ளையைப் பற்றி மனசு கேட்காமல் நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன்.

மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றலுக்கேற்ப அரும்பு, அடுத்து மொட்டு, அதற்கு மேல் மலர் என்று நிலை பிரிப்போம் அல்லவா, அதில் அவள் ஒரு தடவை அரும்பில் வருவாள், அடுத்த தடவை மொட்டில் நன்றாகச் செய்வாள். ஒரு நாள் கதையைக் கடகடவென்று வாசிப்பாள். மறுநாள் அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கண் சொக்கி உட்கார்ந்திருப்பாள். கவனக்குறைவு என்று போன வருடத்துக் குறிப்பில் இருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான்: தினமும் அவள் வந்த நேரம், வாசித்தது, முகம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி. எழுத எழுத ஒரு வரிசை தெரிந்தது. ஒன்றுவிட்ட ஒரு நாள் அவள் தூங்கி வழிகிறாள். மழை நாள்களில் நல்ல தெளிவாக இருக்கிறாள்!

ரப்பர் தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். பாலெடுக்க ஒரே மரத்தின் பட்டையைத் தினமும் கீறமாட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இந்தப் பால்வெட்டு. வெயில் ஏறும் முன் பால் நன்றாக ஒழுகும் என்பதால் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். மழையில் வெட்டு கிடையாது. அப்பாவும் அம்மாவும் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனதும் இவள் எழுந்து, கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்து, அவன் அழுதால் கட்டன்சாயாவில் ரொட்டியை முக்கிக் கொடுத்து, முற்றம் பெருக்கி, பிறகு பள்ளிக்கு வருகிறாள். அம்மாவிடம் பேசியபோது, "எனக்கும் தெரியும் டீச்சர், வேற ஆளில்லையே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கையில் இருந்ததை மாற்றினேன். வாசிப்பை முதல் பீரியடில் இருந்து இடைவேளைக்குப் பிறகு தள்ளினேன். நிலை பார்க்கும் தேர்வை வெட்டு இல்லாத நாளில் வைத்தேன். வெட்டு நாளில் வந்ததும் பத்து நிமிடம் தலை சாய்க்க விட்டேன். பிள்ளை மலருக்கு வந்துவிட்டாள். வகுப்பில் இன்னும் மூன்று நான்கு பிள்ளைகளுக்கும் இதே கதைதான் என்பது அப்புறம் தெரிந்தது.

களியக்காவிளை தமிழாசிரியர்:

எல்லைப் பக்கத்து அனுபவம் ஒன்று. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்றைக்கும் மலையாள வழிப் பள்ளிகள் உண்டு. 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு அந்தப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். மலையாள வழியில் இருந்து எங்கள் பள்ளிக்கு மாறி வந்த ஒரு பெண் பிள்ளையின் தமிழ் வாசிப்பை ஒரு பருவம் முழுக்கப் பதிவு செய்து கேட்டேன்.

மலையாளத்தில் க வரிசையிலேயே நாலு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. தமிழில் ஒரே எழுத்து. இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். அவள் எழுத்தை நம்பி, "பகல்", "தங்கம்" இரண்டிலும் ஒரே வல்லொலியைப் போட்டு வாசித்தாள். கேட்கிறவர்களுக்குத் திக்கித் திணறுவது போலத் தோன்றும். ஆனால் வாசித்ததன் பொருளைக் கேட்டால் முழுசாகச் சொல்வாள். உச்சரிப்பை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை பின்தங்கியவள் ஆகியிருப்பாள். மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் இப்படி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் இப்படி என்று தனியாகச் சொல்லிக்கொடுத்ததும் கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லவேண்டியதில்லை, அதனால் நம் பாடப்புத்தகங்களும் சொல்வதில்லை.

தக்கலை பி.எட். மாணவி:

நான் இப்போது கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். வழிகாட்டி ஆசிரியையின் அறிவியல் வகுப்பைக் கவனித்து எழுதி வருகிறேன். கேள்வி கேட்ட பிறகு டீச்சர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மட்டும் அவர் சம்மதத்தோடு பார்க்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதைப் பார்த்தபோது, பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, நிறையப் பேர் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி என்பது படிக்கும்போது ஒன்றுமே இல்லை. வகுப்பில் நின்று பார்த்தால் எவ்வளவு நீளம்!

டீச்சர் "ஆரல்வாய்மொழியில் மட்டும் ஏன் இத்தனை காற்றாலை?" என்று கேட்டார். முதல் பெஞ்சில் உடனே, "அங்கே காற்று அதிகம்." வழக்கமாக அதோடு முடிந்துவிடும். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். மூன்றாம் பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண், "ரெண்டு பக்கமும் மலை இருக்கு டீச்சர். நடுவுல உள்ள வழியில காத்து நெருக்கிட்டு வருது. அதான் வேகம்" என்றாள். கணவாயைப் பற்றி டீச்சர் சொல்ல வைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். ஒரே ஆசிரியரை வைத்து எழுதினால் பொதுமைப்படுத்த முடியாதே, ஒருவர் மட்டும் மாதிரியாகப் போதாதே என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

தோவாளை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

உன் கேள்விக்குக் கணக்கு சார் பதில் சொல்லட்டும் மக்களே. எதிர்ப் பக்கத்தில் இருந்த நான் ஒன்று சொல்கிறேன். என் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த ஒருவர் வாரக்கணக்கில் பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எங்கள் ஆசிரியர்கள் டீயும் கொடுத்து, நேரமும் கொடுத்து, மனம் திறந்து பேசினார்கள். போனவர் திரும்பி வரவில்லை. என்ன எழுதினார், எங்களைப் பற்றி என்ன முடிவு செய்தார் என்று எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு வேறு யாராவது நோட்டோடு வந்தாலே எங்கள் ஆசிரியர்கள் சுருங்கிப் போனார்கள். ஆட்டோகிராப் வாங்குகிற மாதிரி ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிற ஆய்வு பள்ளிக்கு வேண்டாம்.

சில வருடம் கழித்து ஒரு பெண் வந்தார். எழுதியதை அந்தந்த ஆசிரியரிடமே வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், "ஆசிரியை பின் வரிசையைக் கவனிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். எங்கள் டீச்சர், "கவனிக்காமல் இல்லை, அந்தப் பையனுக்கு எல்லார் முன்னாலும் கேட்டால் அழுகை வந்துவிடும், பெல் அடித்த பிறகு தனியாகக் கேட்பேன்" என்றார். அவர் மறுநாள் பெல் அடித்த பிறகும் இருந்து பார்த்து, அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினார். அந்த அறிக்கை ஒரு பிரதி எங்கள் பள்ளி அலமாரியில் இருந்தது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்குப் படிக்கக் கொடுப்பேன்.

நாகர்கோவில் கணக்கு சார்:

தோவாளை டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. கவிமணி பிறந்த தேரூரில்தான் நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லவேண்டியது இதுதான்: எழுதியதை ஆசிரியரிடம் திரும்பக் காட்டுங்கள்.

தக்கலைத் தங்கைக்கு. பத்து ஆசிரியர்களில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் ஒருவர் போதாது, கணக்கெடுப்புதான் வேண்டும். காத்திருக்கும்போது அந்த வகுப்பில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பது கேள்வியாக இருந்தால் ஒரு வகுப்பே தாராளம். படிக்கிறவர் தன் வகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு விவரம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். குலசேகரம் டீச்சரின் பிள்ளையைப் பற்றிப் படித்ததும் எனக்கு என் வகுப்பில் இரவு மீன்பிடிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்து அந்தக் கண்ணோடு பார்க்கப் போகிறேன்.

ஒரே வகைச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் பார்த்தது, டீச்சர் சொல்வது, பிள்ளையின் நோட்டு மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடம் வந்தால் அங்கே கூடுதல் நாள் இருங்கள். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே வாங்குங்கள், பெற்றோரிடமும் நேரில் கேளுங்கள். பிள்ளை பெயரை நோட்டில்கூட எழுதாதீர்கள். ஊர் பெயரும் வேண்டாம். நம் கடற்கரை ஊர்களில் "வள்ளக்காரர் மகன், ஆறாம் வகுப்பு" என்று ஊரோடு சேர்த்து எழுதினால் அந்தப் பையன் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

களியக்காவிளை சார், அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டு நீங்கள் எழுதிய குறிப்பு இருந்தால், அடையாளம் எடுத்துவிட்டு இங்கே போடமுடியுமா? எங்கள் பள்ளிக்கு இந்த வருடம் அப்படி இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.