மக்காவ் பயணம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 1999 வரை போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த மக்காவுக்கு, ஹாங்காங்கிலிருந்து ஒரு நாள் அம்மாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1835ஆம் ஆண்டுத் தீயில் எரிந்து, கல் முகப்பு மட்டும் எஞ்சி நிற்கும் புனித பவுல் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் முழங்கால் வலியால் பத்துப் படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். முகப்புக்கு முன்னுள்ள நீண்ட படிக்கட்டைத் தவிர்த்து மேலே செல்ல வழி உண்டா? செனாடோ சதுக்கத்தில் அலை வடிவில் பதித்த கறுப்பு வெள்ளைக் கற்களின் மேல் சக்கர நாற்காலி சிரமமின்றி உருளுமா? 2018இல் திறந்த கடற்பாலத்தில் பேருந்தில் போவதா, படகில் போவதா, எது அவருக்கு எளிது? பெற்றோருடன் சென்றுவந்தவர்கள் அன்புகூர்ந்து விரிவாகச் சொல்லுங்கள்.